கண்ணாடியில் எழுதும் எண்

2012 ஜூலை 28, சனி

கார்ப் பந்தயத்தில் இரண்டாம் சுற்றிலேயே வெளியே. பச்சை விளக்கு எனக்குத் தாமதமாகத்தான் எரிந்தது, முந்நூறு பேர் பார்த்தார்கள். சரி, அறுபது பேர். வெயிலுக்குப் பயந்து பாதிக் கூட்டம் வரவில்லை.

என்னைத் தோற்கடித்தது ஒரு தபால்காரனின் துருப்பிடித்த பிக்கப் வண்டி. என்னுடையதோ எழுபதாம் வருடத்துச் செவெல், ஏழரை லிட்டர் எஞ்சின். சாவியைத் திருப்பினால் மூன்று தெரு தள்ளிப் பாதிரியார் வீட்டு ஜன்னல் ஆடும். அதை அந்தப் பிக்கப் ஜெயிக்கிறது என்றால் எல்லாம் இந்தப் பாழாய்ப்போன விதியால். கால் மைலை நம் வண்டி எத்தனை விநாடியில் கடக்கும் என்று நாமே முன்கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் எழுத வேண்டும். இரண்டு வண்டியின் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை மெதுவான வண்டிக்குக் கொடுத்து அதை முதலில் அனுப்பிவிடுவார்கள். எழுதியதைவிட வேகமாக ஓடினால் தோல்வி. வேகமாக ஓடினால் தோல்வி! இதைக் கண்டுபிடித்தவனை ஒரு நாள் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டு வண்டியருகே வெல்டன் பிடித்துக்கொண்டான். எங்கள் மைதானத்து அணிக்கு அவன்தான் தலைவன், எனக்கு முப்பது வருட நண்பன். செப்டம்பரில் எல்லா மைதானத்து அணிகளும் மோதும் இறுதிப் போட்டி. அந்த அணியில் நான் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன்.

"எட்டு இடத்துல ஏழு நெறஞ்சிடுச்சு வெர்லின். எட்டாவதுக்கு நீயும் இன்னொரு ஆளும் ஒரே புள்ளியில நிக்கிறீங்க."

"எந்தப் பய?"

கையிலிருந்த பன்றிக்கறி சாண்ட்விச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பய இல்ல. லவோன்."

ஜூலை 29, ஞாயிறு

லவோன். இருபத்திரண்டு வருடம் என் மனைவி. இரண்டு வருடமாக இல்லை.

அவள் ஓட்டுவது ஒரு ஜெர்மன் டப்பா. கோல்ஃப். பின்கதவு மேலே திறக்கும், மளிகை வாங்கப் போகிற வண்டி. அதற்குள் ஏதோ ஊதுகுழல் வைத்த சின்ன எஞ்சினாம். தும்மல் போட்டுக்கொண்டு ஓடும். அதைத் தேடிப்பிடித்து வாங்கிக் கொடுத்துப் பழுதும் பார்ப்பது யார்? என் சொந்த அக்கா மகன் கிப். போனில் கேட்டேன்.

"ஏண்டா, ரத்த சொந்தம்னு ஒண்ணு இல்லையாடா உனக்கு?"

"மாமா, அத்தை வந்து கேட்டாங்க. எப்படி இல்லைன்னு சொல்றது?"

"அவ இப்ப உனக்கு அத்தையே இல்லைடா."

"நீங்கதானே மாமா விவாகரத்து வாங்குனீங்க. நான் வாங்கலையே."

வைத்துவிட்டேன். அந்தப் பயலின் ஆறாவது பிறந்தநாளுக்கு சைக்கிள் வாங்கித் தந்தவன் நான். பாதி விலை நான் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 2, வியாழன்

இரும்புக்கடையில் நல்ல கூட்டம். போன வாரம் செவெல் பதினொன்று தொண்ணூற்றைந்தில் ஓடியதைச் சொன்னேன். வாயைப் பிளந்தார்கள். "பன்னெண்டுக்குக் கீழயா? அந்தக் கிழட்டு வண்டியா?" என்றான் கல்லாவில் இருந்தவன். "ஓட்டுறது யாருன்னு பாரு" என்றேன்.

ஓடத்தான் செய்தது. இந்த வருடம் இல்லை. ஏப்ரலில் ஒரு முறை, பனி பெய்த வருடம், பின்காற்று. ஓடியது ஓடியதுதானே?

ஆகஸ்ட் 4, சனி

மழை. பந்தயம் ரத்து. அடுத்த சனிக்கிழமை எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் ஒரே ஓட்டம், ஜெயிப்பவருக்கு எட்டாவது இடம் என்று வெல்டன் முடிவு சொல்லிவிட்டான்.

ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். இடம் எனக்குத்தான்.

ஆகஸ்ட் 8, புதன்

ஒரு விஷயம் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. எழுதிவிடுகிறேன்.

கிப்பின் பட்டறையில் ஒருவன் சொன்னான், நான் அந்தப் பக்கம் நிற்பது தெரியாமல்: "கெழவன் கப்பு வாங்குனதெல்லாம் அந்தம்மா இருந்தப்பதான். அதுக்கப்புறம் ஒரு தகரம் வாங்கல."

என்ன பேச்சு இது? ஆமாம், கண்ணாடியில் எண் எழுதியது அவள்தான். சனிக்கிழமைதோறும் காற்றின் ஈரத்தையும் அழுத்தத்தையும் பார்த்துவிட்டு, தார் சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, பாலிஷ் டப்பாவோடு வருவாள். எழுதிவிட்டுப் போய்க் குடை நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். நான் ஓட்டுவேன். எழுதுவது ஒரு வேலையா? ஓட்டியது யார்? கப்பில் யார் பெயர் இருக்கிறது? வீட்டு வாசல் கதவில் எண் எழுதுகிறவனா வீட்டைக் கட்டியவன்?

போகும்போது காற்றழுத்தம் காட்டும் அந்தக் கருவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அது தேவையே இல்லை. வெளியே வந்து மூச்சை இழுத்தாலே தெரியும் எனக்கு.

ஆகஸ்ட் 11, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கூட்டினால் எனக்கே நம்பிக்கை வராது.

மதியம் மூன்று மணி. புழுக்கம் என்றால் அப்படி ஒரு புழுக்கம், சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி. வரிசையில் என் வண்டிக்குப் பக்கத்தில் அவளுடைய சிவப்பு டப்பா. அதன் கண்ணாடியில் ஏற்கெனவே 14.20 என்று எழுதியிருந்தது. வெட்கமே இல்லாமல், இத்தனை பெரிதாக. பதினான்கு! அந்த எண்ணை நான் என் கண்ணாடியில் போட வேண்டி வந்தால் வண்டியைத் துணி போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன்.

இறங்கி வந்தாள். இரண்டு வருடத்தில் முதல்முறை என் ஜன்னலில் கை வைத்தாள்.

"என்ன எழுதப்போற?"

"உனக்கெதுக்கு?"

"காத்து பூரா ஈரம். உன் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். பன்னெண்டு முப்பதுன்னு போடு. அதுக்குக் கீழ இன்னைக்கு வராது."

எனக்கா தெரியாது? "நான் அதைப் போட்டுட்டு, அதைவிட வேகமா ஓடி, விதிப்படி தோக்கணும். அதானே உன் திட்டம்?"

"உன்னைத் தோக்கடிக்கத் திட்டம் எதுக்கு வெர்லின்? நான் சும்மா நின்னாலே போதுமே."

"அப்ப ஏன் சொல்ற?"

"ஜெயிச்சா ஒழுங்கா ஜெயிக்கணும். உன் வாயை ஜெயிச்சேன்னு ஆகக் கூடாது."

போய்விட்டாள். பாலிஷ் என் கையில். மைக்கில் டுவேன் கூவிக்கொண்டிருந்தான்: "இந்தப் பக்கம் நம்ம வெர்லின் ஸ்டக்கி! அந்தப் பக்கம் ஒரு காலத்துல அவரு வீட்டுக்காரம்மா! கூட்டத்துல வக்கீல் யாராச்சும் இருந்தா கொஞ்சம் பக்கத்துல வந்து நில்லுங்க!" எல்லோரும் சிரித்தார்கள். இரும்புக்கடைக்காரன் கம்பி வேலியில் தொங்கிக்கொண்டு, "மாமோய், பதினொண்ணு தொண்ணூத்தஞ்சு!" என்று கத்தினான்.

நான் என்ன செய்ய? பன்னிரண்டு முப்பது என்று எழுதவா? டுவேன் அதை மைக்கில் படிப்பான். ஊரே கேட்கும்.

11.95 என்று எழுதினேன். கைதட்டினார்கள். அது வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

அவளுக்குப் பச்சை விழுந்தது. டப்பா தும்மிக்கொண்டு போனது. நான் நிற்கிறேன். இரண்டேகால் விநாடி. வெறும் இரண்டேகால். எஞ்சின் உறும, அந்தச் சிவப்புப் பின்கதவு சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தபடி நிற்கிறேன். பிறகு எனக்கும் பச்சை. விட்டேன். ஒரு நொடி கூடத் தவறவில்லை, சத்தியமாக. என் வாழ்க்கையில் அப்படி ஒரு கிளப்பல் கிளப்பியதில்லை. பாதி தூரத்தில் அவள் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தாள். பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு கார் நீளம். அவள் முன்னால்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் பலகையில் என் எண் எரிந்தது. 12.31.

அவள் சொன்னதை எழுதியிருந்தால், எனக்குப் பச்சை விநாடியில் மூன்றில் ஒரு பங்கு முன்னால் எரிந்திருக்கும். ஒரு கார் நீளத்தில் நான் ஜெயித்திருப்பேன். திரும்பி வருகிற பாதை முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாற்றிப் போட்டாலும் அதேதான் வருகிறது.

வெல்டன் வந்தான். நான் பலகை பழுது என்றேன். அவன் சிரிக்கவில்லை.

"அவ சொன்னதை எழுதியிருந்தா நீ ஜெயிச்சிருப்படா."

"அவ சொன்னது உனக்கெப்படித் தெரியும்?"

"எங்கிட்டதான் மொதல்ல வந்தா. 'நான் சொன்னா கேக்க மாட்டான், நீ சொல்லு, நீ சொன்னா எழுதுவான்'னா. நான்தான் சொல்லல."

"ஏன்?"

"எனக்கு அணியில, தன் வண்டி எவ்வளவு ஓடும்னு தெரிஞ்ச ஆளு வேணும் வெர்லின். ரெண்டு வருஷமா இறுதிப் போட்டியில உன்னால மொதல் சுத்துலயே வெளிய வந்துட்டிருக்கோம். வாய்விட்டுச் சொல்ல முடியல. அதான், நீயே எழுதிக் காட்டட்டும்னு விட்டுட்டேன்."

முப்பது வருடம். என் கல்யாணத்தில் மோதிரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நின்றவன். அவள்கூட வந்து சொன்னாள். இவன் வாயை மூடிக்கொண்டு நின்று பார்த்தான்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

பலகை பழுதில்லை. கிப்பிடம் கேட்டேன்.

ஆகஸ்ட் 20, திங்கள்

கிப் வந்தான். வாசலிலேயே நின்றான்.

"மாமா, இறுதிப் போட்டிக்கு அத்தை வண்டியை ஏத்திட்டுப் போக உங்க டிரெய்லர் கிடைக்குமா?"

"என்ன தைரியம்டா உனக்கு."

"தரமாட்டீங்கன்னு அத்தை அப்பவே சொன்னாங்க."

"அப்புறம் ஏண்டா வந்த?"

"கேக்காம விட்டா அதுக்கும் கோவிச்சுப்பீங்கன்னும் அவங்கதான் சொன்னாங்க."

தரவில்லை. கேட்காமல் விட்டிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பேன்தான். அது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 30, வியாழன்

இரும்புக்கடைக்குப் போகவில்லை. ஆணி தேவைப்படுகிறது. இருக்கட்டும்.

செப்டம்பர் 8, சனி

இன்று அவர்களுக்கு இறுதிப் போட்டி. நான் செவெலை ஏற்றிக்கொண்டு ஆற்றைத் தாண்டிக் கென்டக்கி மாநிலத்துப் பக்கம் போனேன். அங்கே ஒரு சின்ன மைதானம். ஒருத்தனுக்கும் என்னைத் தெரியாது. நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பாலிஷை எடுத்து முதலில் பதினொன்று என்றுதான் போட்டேன். படிக்க யாருமில்லை. துணியால் அழித்தேன். குனிந்து தாரைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. காற்றில் ஈரம் போன மாதம் மாதிரியேதான். 12.35 என்று எழுதினேன்.

நான்கு சுற்று. நான்கும் ஜெயித்தேன். கடைசிச் சுற்றில் எதிரே நின்றதும் ஒரு சின்ன ஐரோப்பிய டப்பாதான், நீல நிறம். அதையும் முடித்தேன். முழங்கால் உயரக் கோப்பை. இல்லை, ஒரு சாண் உயரம். பக்கத்தில் யாரோ ஒரு கிழவர், "நல்லா ஓட்டுறீங்க" என்றார். போய்விட்டார்.

வெல்டனைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். என்ன எழுதினாய் என்றுதான் முதலில் கேட்பான். பதினொன்று தொண்ணூற்றைந்து என்று சொல்லலாம். ஆனால் அந்த எண்ணில் இந்த வண்டி ஜெயிக்காது என்று இப்போது அவனுக்கும் தெரியும், கிப்புக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். பன்னிரண்டு முப்பத்தைந்து என்று சொன்னால், அப்படி எழுத உனக்கு யார் சொன்னது என்பான்.

போனைச் சட்டைப்பையில் போட்டேன். கோப்பையை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, கண்ணாடியில் இருந்ததைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.