ஒலிவாங்கியில் அமர்ந்த ஓடைத்தும்பி

நீர்மேல் பறக்கும் சிறு சிறகுக்காகக் கடல் கடந்து படிக்கச் சென்ற என் மகளுக்கு, மேடைமேல் நிற்க மட்டுமே தெரிந்த தந்தை வரையும் மடல். நாங்கள் நலம். நேற்று முதல் உன் அன்னை என்னோடு பேசுவதில்லை. ஆகவே வீடு அமைதியாக இருக்கிறது.

நம் மழைக்காட்டு ஓடையைக் குழாய்க்குள் அடைக்கும் திட்டத்தை ஆராய, நேற்று அந்த அரசு அலுவலர் வந்தார்; ஓடைக்கரையில் ஊர் கூட, வரவேற்புரை எனக்கு. உன் செந்தும்பியைத் தம் கண்ணால் கண்டால்தான் ஓடையை விட்டுவைப்பேன் என்று முன்பே சொல்லிவிட்டார். மரக்கூரையைத் துளைத்து நண்பகலில் அரைமணி நேரமே வெயில் இறங்கும், அந்த வெயிலுக்குத்தான் தும்பி வரும், "அப்பா, ரெண்டே நிமிஷம் பேசிட்டு இறங்கிடுங்க" என்று நீ மும்முறை எழுதியிருந்தாய். மறக்கவில்லை, மகளே. ஆனால் எதிரே அறுபது பேர் இருந்தார்கள்.

முகத்தில் ஒளி படவேண்டுமென்று, கரையில் வெயில் விழுந்த அந்த ஒரே இடத்தில் ஒலிவாங்கியை நிறுத்தச் செய்தேன். "சிற்றோடையே! பேராறுகளைப் பெற்ற தாயே!" என்று வழக்கம்போல் கண்மூடித் தொடங்கினேன். பத்தாம் மணித்துளியில் கூட்டம் மூச்சடக்கியது. பின் எழுந்தது பார், ஒரு கைதட்டல்! நாற்பதாண்டு மேடையில் நான் கேட்டிராத கைதட்டல். அதற்கு நன்றி கூறும் முகத்தான் மேலும் நாற்பது மணித்துளி முழங்கினேன்.

கண் திறந்தபோது வெயில் போயிருந்தது. ஓடைமேல் ஒரு கொசுகூட இல்லை. உன் ஐந்தாண்டு உழைப்பை என் நாவே விழுங்கிவிட்டதென்று, வாழ்வில் முதன்முறையாகச் சொல்லற்று நின்றேன்.

அலுவலர் சிரித்தபடி குறிப்பேட்டை நீட்டினார். 'ஆண் செந்தும்பி ஒன்று. இடம்: பேச்சாளரின் ஒலிவாங்கி. நான்கு முறை எழுந்து நான்கு முறையும் அங்கேயே அமர்ந்தது. ஓடையைத் தொடவேண்டாம்.'

உன் அன்னை அருகே வந்து, "உங்க மூக்குக்கு நேரா, மைக் மேல உக்காந்திருந்துச்சு. அத்தனை பேரும் பார்த்தோம். கைதட்டுனது அதுக்கு! அந்தக் கண்ணைக் கொஞ்சம் திறந்து தொலைச்சா என்னவாம்?" என்றாள். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

சிறுமியாய் நீ "வாங்கப்பா, காட்டுறேன்" என்று கைபிடித்து இழுத்தபோதெல்லாம் எனக்கு ஏதோவொரு கூட்டம் இருந்தது. ஊரே கண்டதை நான் மட்டும் இன்னும் காணவில்லை. விடுமுறைக்கு வா, மகளே. நண்பகலில் என்னை அந்தக் கரையில் உட்காரவை. நான் பேசமாட்டேன்.

கண்திறந்து காத்திருக்கும்,
உன் அப்பா.