ஆனி மாதத்தில் பார்த்த மில்

என் அருமைச் சம்பந்தியம்மா,

நல்லா இருக்கீங்களா என்று கேட்க வாய் வருகிறது. போய்ச் சேர்ந்தவர்களிடம் அதைக் கேட்கலாமா, கூடாதா, தெரியவில்லை. உங்கள் மகள் சாந்தி சுகமாக இருக்கிறாள். மிளகு இந்த வருசம் நன்றாகப் பிடித்திருக்கிறது. நான்தான் சரியாக இல்லை. ஒரு மாதமாக யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வருகிறது, குமரேசனைப் பார்த்தால் கூடுதலாக. அவன் என் மகன் என்பதை இந்தக் கடிதம் முடியும்வரை மறந்துவிடப் போகிறேன். உங்கள் மருமகன் என்றே எழுதுகிறேன், பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

விசயம் இதுதான். எங்கள் ஊர் ஓடையோரத்தில் ஜவ்வரிசி மில் வரப்போகிறதாம். ஆமாம் சம்பந்தி, நீங்கள் எதற்குப் பயந்து பெண்ணை மலைக்கு அனுப்பினீர்களோ, அதுவே மலை ஏறி வருகிறது.

மாப்பிள்ளை வீடு பார்க்க நீங்கள் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? உங்கள் அப்பா காலத்திலேயே மலையை விட்டு இறங்கி, பேளுக்குறிச்சியைத் தாண்டி ஜவ்வரிசிக்கு மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் ஒரு மில்லுக்குப் பக்கத்தில் குடியேறிய குடும்பம் உங்களுடையது. உங்கள் கிணற்றில் தண்ணீர் இருந்தது, ஆனால் மில் கழிவு இறங்கி வாயில் வைக்க முடியாது. காப்பி கொண்டுவந்தேன், வேண்டாம் என்று தண்ணீர் கேட்டீர்கள். குடித்துவிட்டு ஓடைக்கே இறங்கிப் போய்க் கையால் அள்ளி இன்னொரு வாய் குடித்தீர்கள்.

"ஊடு சின்னது, ரோடு மோசம், பஸ்ஸு வந்தா வருது, வராட்டிப் போகுது. இருந்தாலும் இந்தத் தண்ணிக்காவே பொண்ணு குடுக்கறேனுங்க. இத மட்டும் பாத்துக்கங்க" என்றீர்கள்.

"அதென்னங்க அப்பிடிச் சொல்லிப்போட்டீங்க, தண்ணிய விட்டுருவமா?" என்றேன் நான். எவ்வளவு பெருமை எனக்கு அன்றைக்கு!

மில்லுக்காரர் நல்ல மனிதர் மாதிரித்தான் இருக்கிறார். வெள்ளைச் சட்டை, எப்போதும் சிரித்த முகம், எல்லோரையும் அம்மா, அய்யா என்றுதான் கூப்பிடுகிறார். மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டு, மலைக் கிழங்கை மலையிலேயே அரைக்கலாம், உங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும், ஓடையில் ஒரு சொட்டுக் கழிவு விழாது என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எழுந்து கேட்டேன்:

"ஒரு சொட்டு விழாதுன்னா அப்பறம் எதுக்குங்க ஓடையோரமாவே எடம் கேக்கறீங்க? மேட்டுல எத்தன காடு சும்மா கெடக்குது?"

"அம்மா ரொம்ப நல்ல கேள்வி கேட்டிருக்காங்க" என்று கைதட்டினார். ஊரும் சேர்ந்து கைதட்டியது. பதில் இன்னும் வரவில்லை. அவர் கேட்கும் ஓடையோர வயலில் பெரும்பங்கு நம்முடையது. குத்தகைக்குத் தருகிறேன் என்று குமரேசன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும்.

சந்தேகம் இருப்பவர்கள் நேரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கீழே உள்ள தன்னுடைய மில்லைக் காட்ட பஸ் ஏற்பாடு செய்தார். ஊரில் பாதிப்பேர் புதுச் சேலை, புதுத் துண்டோடு கிளம்பிவிட்டார்கள். நான் போகவில்லை. உங்களுக்குத்தான் தெரியுமே, மலை ரோட்டின் எழுபது வளைவும் திரும்புவதற்குள் எனக்குக் குடலே வெளியே வந்துவிடும். உங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் காட்டுவழியில் நடந்துதான் இறங்குவேன். இப்போது முட்டி அதற்கும் விடுவதில்லை.

சாயங்காலம் எல்லோரும் திரும்பி வந்தார்கள். ஏதோ யாத்திரை போய் வந்தவர்கள் மாதிரி முகத்தில் அப்படி ஒரு களை! தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாமாம். வாசலில் ரோஜாச் செடியாம். நாற்றமா, அப்படி ஒன்றே கிடையாதாம். மத்தியானம் கறிச்சோறு போட்டார்களாம், அந்தக் கறியைப் பற்றி மட்டும் ரொம்ப நேரம் பேசினார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது குமரேசன் போனில் எடுத்த படத்தைக் காட்டினான். சாந்தி குழம்புக் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, திப்பி எங்கீங்க காயப்போட்டிருந்தாங்க?" என்றாள்.

கிழங்கை அரைத்துப் பால் எடுத்தபின் மிஞ்சும் சக்கைதான் திப்பி. ஈரத்திப்பி புளித்து நாறுவதை மோந்தே வளர்ந்தவள் அவள்.

"திப்பியா? ஒண்ணையும் காணல. அவ்வளவு சுத்தம்" என்றான்.

"மில்லு ஓடுச்சுங்களா?"

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "மெசினெல்லாம் நின்னுட்டுத்தான் இருந்துச்சு. லீவுன்னாங்க."

எனக்கு வந்த கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டேன். ஆனி மாதம், சம்பந்தி! நட்ட குச்சி இப்போதுதான் முழங்கால் உயரம் வளர்ந்து நிற்கிறது. மார்கழி, தையில் பிடுங்குகிற கிழங்கு ஆனியில் எந்த மில்லுக்குப் போகும்? பிறந்ததிலிருந்து கிழங்கு நட்டுக் கிழங்கு தின்கிற ஆட்கள் ஒரு பஸ் நிறையப் போயிருக்கிறார்கள். அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை. வெறும் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு நாற்றம் இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இவர்களை நான் என்ன செய்ய?

மறுநாள் ஊர்க்கவுண்டரிடம் போய்ச் சொன்னேன். ஊர்ப் பெரியவர், நாலும் யோசிப்பார் என்று நினைத்தேன். அவரும் யோசித்தார்.

"ஓடாதப்பவே அவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்கன்னா, ஓடறப்ப இன்னும் சுத்தமா வச்சிருப்பாங்கல்லம்மா?" என்றார்.

பக்கத்தில் இருந்த அவர் சம்சாரம் வேறொன்று சொன்னார். "அவங்க போட்ட சோத்தத் தின்னுட்டு வந்து கேள்வி கேக்கறது மொறைங்களா?"

நான் தின்னலியே, நான் கேட்கலாமல்லவா என்றேன். அதற்கு இருவரும் சேர்ந்து எனக்கு மோர் கொடுத்தார்கள். சம்பந்தி, இந்த நேரத்திலா நீங்கள் போக வேண்டும்? நீங்கள் வந்து, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அந்தக் கோயில் முன்னால் நின்று உங்கள் கிணற்றுக் கதையை ஒரு தடவை சொல்லியிருந்தால் போதாதா? நான் சொன்னால் என் வீட்டு நாய்கூடக் கேட்பதில்லை.

குமரேசன் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மழையில் ரோட்டில் மண் சரிந்தால் லாரி நடுவழியில் நின்றுவிடுகிறது. பிடுங்கிய கிழங்கு ரெண்டு நாளில் உள்ளே கருத்துப்போகிறது. கீழே இருக்கிற புரோக்கர் சொன்னதுதான் விலை. "நான் ஒழைக்கறதெல்லாம் அந்த வளைவுலயே கரைஞ்சு போகுதும்மா" என்றான் ஒருநாள். மில்லே வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. ஓடையை விட்டுத் தள்ளி மேட்டில் வைக்கட்டும், கழிவை எங்கே விடுவோம் என்று காட்டிவிட்டு வைக்கட்டும் என்கிறேன். இது அவ்வளவு பெரிய ஆசையா?

போன வாரம் சண்டை முற்றிவிட்டது. "சும்மா தண்ணி தண்ணிங்காதம்மா. கேன் தண்ணி வாங்கிக் குடிச்சாப் போகுது, கீழ அத்தன பேரும் அதத்தான குடிக்கறாங்க" என்று கத்தினான்.

அப்போது அடுப்படியிலிருந்து சாந்தி வந்தாள். அழவில்லை, சத்தம் போடவில்லை.

"எங்கம்மாவுக்குக் கேன் தண்ணி போதும்னு அன்னிக்கு ஏனுங்க நீங்க சொல்லல?" என்றாள்.

உங்களுக்கு இது தெரிந்திருக்காது சம்பந்தி. போன மாசியில் நீங்கள் கண்ணை மூடிய அன்று, உங்களைக் கடைசியாகக் குளிப்பாட்ட உங்கள் கிணற்றுத் தண்ணீரை எடுக்கப் போனார்கள். வாளி மேலே வந்ததும் வாடை அடித்தது. "இதுலயா எங்கத்தையக் குளிப்பாட்டறது?" என்று குமரேசன்தான் தடுத்தான். யாரையும் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு மலை ஏறி, நம் ஓடையில் குடம் குடமாக மொண்டுகொண்டு மறுபடி இறங்கி வந்தான். அவன் வரும்வரை உங்களை அப்படியே வைத்திருந்தோம். முதல் குடத்தை ஊற்றும்போது அவன் அழுததை நான் பார்த்தேன். பெற்ற அப்பனுக்கும் அவன் அப்படி அழுததில்லை.

சாந்தி அதைத்தான் கேட்டாள். எனக்கு நாக்கு சும்மா இருக்குமா? "எனக்கும் ஒரு நாள் அந்தத் தண்ணி வேணும் சாமி. அன்னிக்கு எந்த மலைக்குடா வண்டியோட்டுவ?" என்றேன். அவன் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போய்விட்டான். ஓடைப்பக்கம்தான் போனான் என்று சாந்தி சொன்னாள்.

மறுநாள் காலையில் மில்லுக்காரர் வந்தார். குமரேசன் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "தை மாசம் உங்க மில்லு ஓடறப்ப இன்னொருக்கா வந்து பாக்கறமுங்க. பாத்துட்டுத்தான் வயலப்பத்திப் பேச்சு" என்றான். அவர் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். மலைமேலேயே தேவனூர் நாட்டுப் பக்கம் இடம் தர ஆள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இருக்கலாம். அங்கேயும் போய்க் கத்த எனக்குத் தெம்பு இருக்கிறதா? தெரியவில்லை. குமரேசனுக்கும் எனக்கும் இன்னும் சரியாகப் பேச்சில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறான், அவ்வளவுதான்.

தையில் நானும் பஸ் ஏறப்போகிறேன் சம்பந்தி. எழுபது வளைவிலும் வாந்தி எடுத்தாலும் சரி. சாந்தி பக்கத்தில் உட்கார்ந்து எலுமிச்சம்பழம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். ஓடுகிற மில்லைப் பார்ப்பேன், அவர்கள் போடும் சோற்றைத் தொட மாட்டேன். அப்படியே உங்கள் ஊருக்கு வந்து, நீங்கள் படுத்திருக்கும் இடத்தில் நம் ஓடைத் தண்ணீரை ஒரு செம்பு ஊற்றுகிறேன். அன்றைக்கு ஓடையில் இறங்கி அள்ளிக் குடித்தீர்களே, அதே ருசிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கடுத்த தையிலும் கொண்டுவருவேன். நான் இருக்கும்வரை கொண்டுவருவேன். ருசி மாறினால் என் கனவில் வந்து என்னைத் திட்டுங்கள். என்னை மட்டுமல்ல, உங்கள் மருமகனையும்.

நீங்கள் நம்பிப் பெண் கொடுத்த,
உங்கள் சம்பந்தி
நல்லம்மாள்
திண்ணனூர் நாடு, கொல்லிமலை