கட்டிலிலிருந்து விழும் கிழங்கள்

5 பிப்ரவரி 1932
காப்பார் தோட்ட ஆஸ்பத்திரி

அய்யாவுக் கிழம் கட்டிலிலிருந்து விழுந்தது. ஐந்து நாளில் இது மூன்றாவது ஆள். இரும்புக் கட்டில், வெள்ளை விரிப்பு, மருந்து கொடுத்துக் கட்டுப்போட்டுக் கவனிக்க ஸ்டானிஸ்லாஸ் என்று நான் ஒரு டிரெஸ்ஸர். இவ்வளவு கொடுத்தும் இந்த ஜென்மங்களுக்குத் தரைதான் வேண்டியிருக்கிறது. கூலி லயத்து வீட்டில் பாய் விரித்துப் புரண்ட புத்தி எங்கே போகும்?

வாரம் ஒருமுறை கிள்ளான் டவுனிலிருந்து வரும் டாக்டர் துரை, இன்னொருவன் விழுந்தால் என் வேலை போய்விடும் என்று என்னை எச்சரித்துவிட்டுக் காரில் ஏறினார். நான் என்ன, கட்டிலுக்கடியில் படுத்துத் தாங்கவா?

8 பிப்ரவரி

சோதனை வைத்தேன். ஒவ்வொரு கிழத்தையும் எழுப்பிப் பத்தடி நடக்கவிட்டேன். தள்ளாடினால், விழப்போகிற ஆள் என்று தலைமாட்டுச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு. மொத்தம் ஆறு கோடு. அய்யாவு சிப்பாய் மாதிரி நடந்தான். அவனுக்குக் கோடு இல்லை.

9 பிப்ரவரி

கோடு போட்ட ஆறும் ஒழுங்காகக் கிடக்கின்றன. விழுந்தது அய்யாவு! நெஞ்சுவலி வந்ததாம். நெஞ்சு வலித்தால் படுத்துக் கிடக்க வேண்டியதுதானே? நெற்றியில் நாலு தையல். நல்லவேளை, இன்று டாக்டர் துரை வரும் நாளில்லை. வேண்டுமென்றே செய்கிறான்.

10 பிப்ரவரி

சாம்பல் புதன். பூசைக்குப் போக நேரமில்லை. அய்யாவுவின் இடுப்பைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினேன்.

"ஐயா, கீழ எறக்கி விட்டுடுங்க. கால்ல விழுறேன்."

விழுவதைத் தவிர வேறு பேச்சே தெரியாதா இவனுக்கு?

16 பிப்ரவரி

ஆறு நாளாக ஒருவரும் விழவில்லை. டாக்டர் துரை முதுகில் தட்டினார்.

17 பிப்ரவரி

மத்தியானம் அய்யாவு செத்தான். நெஞ்சுதான். கட்டு அவிழ்க்கவில்லை. வார்டில் யாரும் அழவில்லை, எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

உடம்பைக் கழுவும்போது ஆயா வீரம்மா சொன்னாள்: "அவரு விழல ஐயா. எறங்குனாரு. கட்டில்ல உயிரு போகக் கூடாதுன்னு எங்க சனங்க தரையிலதான் கெடத்துவோம். வலி வரும்போதெல்லாம் நேரம் வந்துருச்சுன்னு எறங்கப் பாத்தாரு. கட்டிலு ஒசரம், காலு எட்டல."

முன்னமே சொல்வதற்கு என்ன கேடு என்று கத்தினேன்.

"நீங்க கேக்கலியே."

18 பிப்ரவரி

மூடநம்பிக்கை. வேறென்ன?

சாகக் கிடந்த அப்பாவுக்குக் கடைசி எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுக்க, கொட்டுகிற மழையில் கிள்ளானுக்குச் சைக்கிள் மிதித்துச் சாமியாரைக் கூட்டி வந்தவன் நான். அன்றைக்கு என்னை யாராவது பிடித்துக் கட்டிப்போட்டிருந்தால்?

சீ! நடக்க விட்டானாம், கோடு போட்டானாம். பெரிய படிப்பாளி. ஏன்யா எறங்குறன்னு வாயைத் தொறந்து ஒரு வார்த்தை கேக்கத் துப்பில்ல எனக்கு.

1 மார்ச்

மாரியாயிக் கிழவிக்கு மூச்சு இழுத்தது. நானும் வீரம்மாவும் தூக்கிப் பாயில் கிடத்தினோம். அவள் கை என் சட்டையை விடவில்லை. அப்போதா டாக்டர் துரை வந்து நிற்க வேண்டும்?

"விழுந்தாளா?"

"இல்லை சார். நான்தான் இறக்கினேன்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும், அய்யாவுவை நான் அப்படித்தான் பார்த்தேன். பெட்டியைக் கட்டு என்றார்.

மாரியாயி சாயங்காலம் நாலரைக்குத் தரையில் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகுதான் பெட்டி கட்டினேன்.