நீ வார்த்த கடைசிக் கண்ணாடி

சிலிக்கா ஜெல் முழுக்க ரோஸ் நிறமாகிக் கிடக்கிறதடி. நம் கண்ணாடித் துண்டுகளை ஈரம் படாமல் வைத்திருக்கும் ஜாடியை இன்று காலை திறந்தபோதுதான் பார்த்தேன். ஈரம் ஏறினால் நீல மணிகள் இப்படி ஆகும். அடுப்பில் வைத்து வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த வேலையை என்னைத் தொடவே விடமாட்டாய். பங்குனியில் நீ போய்விட்டாய். ஆனியில் சாரல் வந்துவிட்டது. நடுவில் இதை வறுக்க ஆளில்லை என்பது எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது.

ஜாடிக்குள் ஒரே ஒரு துண்டு. நீ வார்த்ததில் அதுதான் மிச்சம். சோடியம் அயனிகள் ஊர்ந்து திரியும் பாஸ்பேட் கண்ணாடி, நகத்தை விட மெல்லியது. ஓரம் லேசாக மங்கியிருந்தது.

நம் சண்டை நினைவிருக்கிறதா? மின்னழுத்தத்தை இரட்டித்தால் மின்னோட்டமும் இரட்டிக்க வேண்டும். மின்புலம் மிக வலுக்கும் வரைக்கும் நம் கண்ணாடி நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். அதற்கு மேல் மின்னோட்டம் கணக்கை மீறி எகிறும். எல்லாம் சூடு என்றேன் நான். மின்சாரம் பாய்ந்து கண்ணாடி சூடாகிறது, சூட்டில் அயனிகள் ஓடுகின்றன, இதைப் போய் எழுதினால் சிரிப்பார்கள் என்றேன்.

"ஏட்டி, சூடு ஏறுததுக்கு நேரம் வேண்டாமா? கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள கரண்டக் குடுத்து நிப்பாட்டிப் பாப்போம்" என்பாய்.

ஓர் அயனி ஒரே தாவலில் எவ்வளவு தூரம் போகிறது என்று, மின்னோட்டம் எகிறும் அந்த வளைகோட்டிலிருந்து கணக்கிட்டால், அது போய் உட்காரக்கூடிய அடுத்த இடம் இருக்கும் தூரத்தைப் போலப் பல மடங்கு வந்தது. எனக்கு அது தப்பு. உனக்கு அதுதான் ருசி. "ஒண்ணு தனியா தாண்டலேட்டி. பக்கத்துல உள்ளதும் சேந்து நகருதுன்னு வையி." வெறும் ஊகம், மேஜையைத் தட்டினால் நிரூபணம் ஆகிவிடாது என்று நான் சிடுசிடுப்பேன். கேன்டீன் டீ ஆறிப்போகும்.

ஒரு சாரலில், பழைய குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு நேரே ஆய்வகத்துக்கு வந்தோம். மின்கம்பி இணைக்கக் கண்ணாடியில் அன்று பூசிய வெள்ளிப் பூச்சு ஒரு துண்டில்கூட ஒட்டவில்லை. மருந்து சரியில்லை, உலை சரியில்லை என்று நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் நீ ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தாய். "நல்லெண்ணெய்! நம்ம கண்ணாடியும் குளிச்சிட்டு வந்திருக்குட்டி." அதற்குப் பிறகு இங்கே அப்படிச் சிரித்தவர்கள் இல்லை.

மிச்சமிருந்த துண்டை என்ன செய்வது? அளந்தால் உடையலாம். வைத்திருந்தால் சாரல் தின்றுவிடும். புதிதாக வார்க்கலாம்தான், ஆனால் இதில் உன் கை பட்டிருக்கிறது. அதில் அறிவியல் ஒன்றும் இல்லை, எனக்கு அது வேண்டும், அவ்வளவுதான். மனம் கேட்காமல் வடகரைக்கு, உன் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.

"அத இங்கன வச்சு நான் என்ன செய்ய, அக்கா? எதுக்குச் செஞ்சாளோ அதுக்கே எடுத்துக்கிடுங்க" என்றார்.

உலர்த்தினேன். பூச்சு பூசினேன். நீ சொன்னபடியே மின்சாரத்தைக் கண நேரத் துடிப்பாகக் கொடுத்தேன். துடிப்பின் நேரத்தைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன். சூடு ஏற நேரமே இல்லை. ஆனாலும் கோடு அதே இடத்தில் அப்படியே வளைந்தது. மின்னழுத்தத்தை இன்னொரு படி ஏற்றினேன். சின்னதாக ஒரு சத்தம். கண்ணாடியில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்துவிட்டது.

"கண்ணாடி மேல ஈரம் இருந்து, அது வழியா கரண்ட் போயிருந்தா?" என்று பழக்கத்தில் சத்தமாகக் கேட்டுவிட்டேன்.

எதிர் நாற்காலி காலியாக இருந்தது. எழுந்து போய் அதில் உட்கார்ந்தேன். ஈரம் என்றால் குறைந்த மின்னழுத்தத்திலேயே காட்டிக் கொடுத்திருக்குமே என்று உன் பக்கத்தை நானே பேசினேன். நீ பேசுவது போலவே மேஜையைத் தட்டிப் பேசினேன். இனி எந்த அளவீட்டுக்கும் இப்படித்தான் பேசியாக வேண்டும் போலிருக்கிறது. ஜெயித்தது நீ. நான் தோற்றேன் என்று சொல்லத்தான் ஆளில்லை.