துறைமுக வாசலில் வெடித்த நட்சத்திரம்

இஞ்சாருங்கோ,

சுகமா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. இன்றைக்கு உங்கள் குரலைப் பறிகொடுக்கப் பார்த்தேன். அதைச் சொல்லாமல் படுக்க ஏலாது.

நீங்கள் வேலை செய்த துறைமுகத்தில் உங்கள் உடுப்புப் பையை வந்து எடுக்கச் சொன்னார்கள். வாசல் காவலாளி சோதிக்கவென்று போனைக் காட்டச் சொன்னார். கை தவறி எதையோ அமத்திவிட்டேன். கிண்ணியாவில் இருக்கிற உங்கள் கூட்டாளி றிஸ்விக்கு அனுப்பவென்று நீங்கள் பேசிப் பதிந்து, அனுப்பாமலே விட்ட குரல்பதிவு சத்தமாகக் கேட்டது.

"அந்த ஆயுதத்தால ஒருக்கா அடிச்சா திருகோணமலை என்ன மச்சான், உலகமே மிஞ்சாது!"

வரிசையில் நின்றவர்கள் விலகினார்கள். காவலாளியின் முகம் மாறிவிட்டது.

"ஆர் இது?"

"என்ர மனிசன், சேர். தவறிட்டார்."

"என்ன ஆயுதம்?"

"படத்தில வாறது, சேர்."

"அந்தப் பதிவை இப்பவே அழியுங்கோ. இல்லாட்டி போன் இஞ்ச நிக்கும்."

உங்கள் குரல் என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். ஏழாம் வகுப்போடு நின்ற நான் என்னத்தைச் சொல்ல? விறாந்தையில் நீங்களும் றிஸ்வியும் அந்தப் படத்தைப் பற்றிக் கத்தும்போது குசினியில் சமைக்கிற என் காதில் விழுந்ததைச் சொன்னேன்.

"படத்தில ஒரு விண்கப்பல் சுட, நட்சத்திரம் வெடிக்குது சேர். அந்தச் சூட்டின்ர பலம் ஒருத்தருக்கும் தெரியாது. மெய்யான நட்சத்திரம் வெடிச்சா எவ்வளவு சக்தி வரும் எண்டு படிச்சவை கணக்குப் பாத்திருக்கினமாம். அதை வச்சு, அந்தளவு பலம் சூட்டுக்கும் இருக்கு எண்டு இவர் மட்டுக்கட்டுவார். றிஸ்வி விடமாட்டார். வைக்கோல் போர் எரிஞ்சா அந்தப் பலம் நெருப்புக்குச்சியிலயோ இருந்தது எண்டு கேப்பார்."

காவலாளி என்னையே பார்த்தார். நம்பினாரா? "முழுக்கப் போடுங்கோ" என்றார்.

போட்டேன். முடிவில் என்ன இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அங்கே நான் கத்துகிறேன்: "நட்சத்திரம் பிறகு ஆறுதலா வெடிக்கட்டும், சோறு ஆறுது, எழும்பி வாங்கோ!"

நீங்கள் சொல்கிறீர்கள்: "வாறன், வாறன். உலகம் அழிஞ்சாலும் இவவுக்குச் சோறுதான்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். காவலாளி சிரிக்கவில்லை. போனை என் கையில் வைத்தார். "போங்கோ அம்மா. வாசலில போடாதேங்கோ."

பையை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றபோதுதான் முடிவெடுத்தேன். ஒரு விரல் தவறினால் போய்விடும் குரலை இனி நான் மட்டும் வைத்திருக்கமாட்டேன். விடிந்ததும் றிஸ்விக்கு அனுப்புகிறேன். உங்கள் குரலைக் கேட்டு முதலில் அழுவார். பிறகு நீங்கள் சொன்னதைக் கட்டாயம் மறுப்பார். மறுக்கட்டும். உங்களுக்குப் பதிலாக நான் வாதாடுவேன், விடமாட்டேன்.

உங்கள் மனிசி,
தவம்