ஐந்தாம் வகுப்புக்கு என் ஒரு ஓட்டு

மார்ச் 28
பள்ளிக்கூட நிர்வாகக் குழுவுக்கு நான்தான் தலைவன். ஊரே கெஞ்சியது. சரி, ஒரு ஏழெட்டுப் பேர் கேட்டார்கள். டயர் கடையை அடைத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போனேன். அரசாங்கத்தின் புது உத்தரவு: ஐந்தாம் வகுப்பில் தோற்ற பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்துவதா, மேலே அனுப்புவதா என்று அந்தந்தக் குழுவே ஓட்டுப் போடலாமாம். நிறுத்தினால்தான் பயம் வரும் என்று அரைமணி நேரம் முழங்கினேன். கைதட்டல் ஓயவே இல்லை. ஐந்தாம் வகுப்பு டீச்சர் மட்டும் தட்டவில்லை. அவள் என் தம்பி மகள்.

மார்ச் 29
பேச மாட்டேன் என்கிறாள்.

ஏப்ரல் 5
அவளே கடைக்கு வந்தாள். வகுப்பில் தேறாதது ஒரே பிள்ளைதான், தையல்காரர் மகள். போனை என் காதில் வைத்தாள். மாதம் பிறந்தால் முப்பத்தொரு பிள்ளைகளையும் தனித்தனியே வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துவைக்கிறாள். எந்த அதிகாரியும் சொல்லாமல் இவளாகச் செய்கிற வேலை. ஜூனில் அந்தப் பெண் ஒரு வரியைத் தாண்டாமல் அழுகிறாள். மார்ச்சில் ஒரு பக்கம் முழுக்க வாசிக்கிறாள், நடுவில் சிரிப்பு வேறு.

"கணக்குல இன்னும் பின்னாலதான். ஆனா ஓடிட்டிருக்கா பெரியப்பா. ஓடுற வண்டியில எதுக்குக் காத்தைப் பிடுங்கணும்?"

என் தொழிலை வைத்தே என்னை மடக்குகிறாள். எங்கள் வம்சத்து மூளை.

ஏப்ரல் 11
ஓட்டு நாலுக்கு நாலு. தலைவன் ஓட்டுதான் பாக்கி. "நிறுத்தினாத்தான் உருப்படும்னு நீங்கதானே சொன்னீங்க தலைவரே" என்றார் மருந்துக்கடைக்காரர். பிரமாதமான பேச்சு ஒன்று தயாராக வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"என்னை அஞ்சாவதுல நிறுத்தினாங்க. மறு வருஷம் என் தம்பி அதே பெஞ்சுல வந்து உட்கார்ந்தான். மூணாம் நாள் நான் எழுந்து போனவன்தான், திரும்பவே இல்லை."

வியாபாரம் கூப்பிட்டதால் படிப்பை விட்டேன் என்று நாற்பது வருடமாக அளந்துகொண்டிருந்தேனே — ஏன் சொன்னேன்? யாரும் சிரிக்கவில்லை. தம்பி மகள் என்னையே பார்த்தாள். அவள் அப்பா இதைப் பற்றி வீட்டில் மூச்சு விட்டதே இல்லையாம். எப்பேர்ப்பட்ட தம்பி.

மேலே அனுப்பச் சொல்லிக் கை தூக்கினேன். இரண்டு கையும்.

மே 6
விடுமுறையிலும் தம்பி மகள் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். இவளுக்குச் சிலை வைக்கலாம். சிமெண்ட் என் பொறுப்பு.

ஜூன் 3
பள்ளி திறந்தது. ஐந்தாம் வகுப்பில் எல்லாமே புது முகம். போன வருடத்துப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்துவிட்டுத்தான் கடையைத் திறந்தேன்.