ரோமிலை நீ கழட்டித் தந்த சப்பாத்து

மச்சான்,

இண்டைக்குக் காலமை எழும்பி வர வீடெல்லாம் சப்பாத்துப் பொலிஷ் மணம். கொக்கா, உன்ரை அருமை அக்கா, குசினி மேசையிலை பழைய பேப்பரை விரிச்சு, உன்ரை சப்பாத்தை வைச்சுத் தேய்ச்சுக்கொண்டிருந்தா. வெளியிலை மழை. இந்த ஒக்லண்ட் மழைக்கு ரோசம் கிடையாது. நிண்டிட்டுது எண்டு வெளியிலை கால் வைக்கத் திரும்பத் துடங்கும். சொன்ன சொல் காப்பாத்தாததிலை உன்ரை இனம்.

எனக்கு எழுத்து ஒழுங்கா வராதெண்டு உனக்குத் தெரியும். அஞ்சாம் வகுப்பிலை வாத்தியார் என்னை விட்டாரோ, நான் அவரை விட்டனோ, இப்பவும் விளங்கேல்லை. பிழை கண்டால் சிரி.

நான் கப்பலிலை சமைச்சுக்கொண்டு திரிஞ்ச காலம். கப்பல் நேப்பிள்ஸிலை நிக்க, ரயிலேறி ரோமுக்கு உன்னட்டை வந்தன். நீ அங்கை பழங்கட்டிடம் பழுதுபாக்கிற படிப்புப் படிச்சுக்கொண்டிருந்தாய். கொக்கா ஒக்லண்டிலை இருந்து போனிலை எனக்குத் தந்த வேலை ஒண்டே ஒண்டு. "படிப்பு முடிய அவனை நேரை இஞ்சை வரச்சொல்லுங்கோ. ஊருக்கு மட்டும் போகவிடாதையுங்கோ." ஊர் அப்ப சண்டையிலை பத்தத் துடங்கீட்டுது.

நீ என்னைக் கதைக்க விட்டால்தானே! பகல் முழுக்க இழுத்துக்கொண்டு திரிஞ்சாய். அந்தப் பெரிய வட்டச் சுவரடியிலை நிப்பாட்டி, கல்லைத் தடவித் தடவிக் காட்டினாய்.

"இடிஞ்சதைக் காட்டவோடா இவ்வளவு தூரம் நடத்தினனி? மன்னார்க் கோட்டையும் இடிஞ்சுதான் கிடக்குது. அதுக்கு ரிக்கற்றுக் காசும் இல்லை."

"அத்தான், இது ரண்டாயிரம் வருசப் பழசு."

"கொக்கான்ரை கோவமும் அவ்வளவு பழசுதான். அதை நான் வீட்டிலையே பாக்கிறன்."

பிறகு ஒரு பெரிய கோயில். நீ முன்னாலை போயிட்டாய். நான் பழக்கத்திலை வாசல்படியிலை சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளை வந்து முழந்தாள்படியிட்டன். வெளியிலை வந்து பாத்தால் சப்பாத்தில்லை. நீ அந்தப் படியிலையே இருந்து வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சாய்.

"ஐயோ அத்தான், இஞ்சை ஆர் சப்பாத்தைக் கழட்டுறது?"

"மாதா முன்னாலை சப்பாத்தோடை போறவன் மன்னாரானோ? நீ ஏன் கழட்டேல்லை?"

"நான் படிச்சனான்."

"படிச்சதாலை உனக்கு மரியாதை போச்சு, படிக்காததாலை எனக்குச் சப்பாத்துப் போச்சு."

நீ உன்ரையைக் கழட்டி என்ரை காலடியிலை வைச்சாய். "போடுங்கோ. கப்பலிலை வெறுங்காலோடை ஏறினால் உங்களைக் கள்ளனெண்டு பிடிப்பாங்கள்." அது எனக்குச் சின்னவிரலிலை கடிச்சுது. நீ வெறும் கால்மேசோடை ஈரக் கல்லிலை ஸ்டேசன் மட்டும் நடந்து வந்தாய்.

அங்கைதான் நான் பகிடியை விட்டுட்டுக் கேட்டன். "ஊருக்குப் போகாதை. நேரை ஒக்லண்டுக்கு வா."

"அம்மாவைத் தனிய விட்டுட்டோ அத்தான்? போய் அவவையும் கூட்டிக்கொண்டு வாறன். சப்பாத்தைப் பத்திரமா வைச்சிருங்கோ. வந்து வாங்குவன்."

ரயில் வெளிக்கிட்டுது. உன்ரை மேசிலை ஓட்டை. "பெருவிரல் எட்டிப் பாக்குதடா, அதையாவது உள்ளை வை!" எண்டு கத்தினன். உனக்கு நான் கடைசியாச் சொன்ன புத்திமதி அதுதான்.

நீயும் மாமியும் தலைமன்னாரிலை இந்தியாவுக்கு வள்ளம் ஏறினதைக் கண்டவை இருக்கினம். அக்கரையிலை இறங்கினதைக் கண்டவை ஒருத்தரும் இல்லை.

கொக்கா விடேல்லை. "உடம்பு வரேல்லைத்தானே, அப்ப இருக்கிறான்" எண்டுவா. சனிக்கிழமையெண்டால் உன்ரை சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டு அலுமாரியிலை வைப்பா. என்ரை சப்பாத்து ஒழுகுது, ஒருக்கா அதைத் தா எண்டு கேட்டால், "தொடாதையுங்கோ. அவன் வந்து கேட்டால் என்னத்தைக் குடுக்கிறது?" நான் அவவைப் பேய்ச்சியெண்டு பகிடி பண்ணுவன். கப்பலிலை திரிஞ்சவனுக்குக் கடலைத் தெரியாதே? அது எடுத்தால் எடுத்ததுதான்.

இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. தேய்ச்சு முடிய அவ அலுமாரிப் பக்கம் போகேல்லை. கொண்டு வந்து என்ரை காலடியிலை வைச்சா.

"மழை பெய்யுது. உங்கடை சப்பாத்து ஒழுகும். இதைப் போட்டுக்கொண்டு பூசைக்கு வாங்கோ."

வழக்கமான பகிடியை விட்டுட்டுக் குனிஞ்சு காலை உள்ளை விட்டன். அவ நம்புறா எண்ட தைரியத்திலைதான் நான் இவ்வளவு காலமும் நம்பாமல் இருந்திருக்கிறன் போலை.

மவுண்ட் ஆல்பர்ட் கோயில் வாசலிலை வழக்கம்போலை கழட்டினன். வெள்ளைக்காரர் வழக்கம்போலை பாத்தினம். ஆராவது எடுத்துக்கொண்டு போகட்டும் எண்டு நினைச்சுக்கொண்டுதான் உள்ளை போனன். பூசை முடிஞ்சு வர, ரண்டும் நனைஞ்சபடி அதே இடத்திலை கிடந்துது.

இந்த ஊரிலை ஒரு கள்ளன்கூட இல்லையடா. திரும்பக் காலிலை கொழுவிக்கொண்டு வந்தன். இப்பவும் சின்னவிரலைத்தான் கடிக்குது.